செப்பு அண்டாவில் ஊறிய இறகுகள்

“...அழுக்கோட எப்படிங்க குடுக்கறது? புள்ள அத்தாந்தூரத்துல இருந்து வந்து கேட்டிருக்குது. அதான் செப்பு அண்டாவுல புளித்தண்ணி கரைச்சு, ராத்திரி பூரா ஊறவெச்சு, அலசிக் காயவெச்சனுங்க. பட்டாட்டம் மின்னுது பாருங்க!”

மாரமங்கலத்து அக்கா இப்படிச் சொல்லி முறத்தை நீட்டியதும், என் ஜீப்பில் வந்திருந்த ஆராய்ச்சி மாணவியின் முகம் சுருங்கிவிட்டது. முறம் நிறையக் கோழி இறகு. அத்தனையும் பளபளவென்று சுத்தம். அதுதான் வம்பாகிப்போனது.

நான் ஒண்டிக்கடை ஊர் முக்கில் ஜீப்போடு சவாரிக்கு நிற்கிறவன். அந்தப் பெண்ணை மலையெல்லாம் ஏற்றி இறக்கியதில் எனக்கும் கொஞ்சம் படிப்பு ஒட்டிக்கொண்டது. கோழி தின்பதில் உலோகம் இருந்தால், இறகு முளைக்கும்போது அது ரத்தத்தோடு போய் இறகுக்குள் தங்கிவிடுமாம். காப்பிச் செடிக்கு இங்கே மயில்துத்தம் கரைத்து அடிப்பார்கள். அதில் இருப்பது செம்பு. அந்தச் செம்பு தோட்டத்தில் மேயும் கோழிக்குள் எவ்வளவு போகிறது என்று பார்க்கத்தான் இத்தனை அலைச்சல். அக்காவோ அந்த இறகுகளைச் செப்பு அண்டாவிலேயே ஊறப்போட்டிருந்தார்.

“இதுல செம்பு இருந்தா, அது கோழியோடதா அண்டாவோடதான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?” என்றது அந்தப் பெண்.

“அட கண்ணு, நல்லது பண்ணப்போய்க் கெடுத்துப்போட்டனா! ஏனுங்க டிரைவரே, நீங்களாச்சும் வெவரமாச் சொல்லக்கூடாதுங்களா?”

“விழுந்ததை விழுந்தபடியே கவர்ல போடுங்கன்னு போன தடவையே சொன்னமே அக்கா.”

“சொன்னீங்க. ஊட்டுக்கு வந்தவங்க ஒண்ணும் வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. அதுக்காகச் சோறு போடாம உடறமா?”

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பித் தோட்டத்துப் பக்கமே போகாத ஒண்டிக்கடைக் கோழிகளின் இறகு பையில் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இந்த ஊர்க் காப்பிக்காட்டு இறகு வேண்டும். அதை இன்றைக்குள் கொண்டுபோகாவிட்டால் செய்த வேலை பாதியில் நின்றுபோகும்.

முற்றத்தில் வெள்ளைப் பெட்டைகள் மேய்ந்துகொண்டிருந்தன. பஞ்சாரக் கூடைக்குள் ஒரு வெள்ளைச் சேவல்; வெளியே விட்டால் சண்டைக்குப் போகும் என்று கவிழ்த்து மூடியிருந்தார். அவையெல்லாம் போன வாரம் சேலம் சந்தையில் வாங்கியவை. இறகு முளைத்தது அங்கே என்பதால் அவை உதவாது. இந்த ஊரிலேயே பொரிந்து வளர்ந்த கோழிகளைக் கழிச்சல் நோய் வாரிக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியது ஒரே ஒரு செஞ்சேவல், வேலியோரம் மண்ணைச் சீய்த்துக்கொண்டிருந்தது.

“அதுல ரெண்டே ரெண்டு பிடுங்கிக்கட்டுமாம்மா?”

“அய்யோ சாமி, அது மாரியாத்தாளுக்கு நேந்து உட்டது! சீக்குல கெடந்தப்ப, பொழச்சா உனக்குத்தான் ஆத்தான்னு வேண்டிக்கிட்டேன். மனுசக் கை பட்டு ஒரு எறகு கொறஞ்சாலும் அவ நொம்பக் கோவிச்சுக்குவா.”

“அப்ப வேண்டாம்மா. சாமி காரியம்.” அந்தப் பெண் கவரை மடித்துப் பைக்குள் வைத்தது.

நான் ஜீப் சாவியை எடுத்தேன். அக்கா நகரவில்லை. செஞ்சேவலைப் பார்த்தார், பஞ்சாரத்தைப் பார்த்தார்.

“மனுசக் கைதானுங்களே படக்கூடாது?”

கேட்டுவிட்டு எங்கள் பதிலுக்குக்கூட நிற்கவில்லை. முறத்தில் இருந்ததைத் தரையில் கொட்டிவிட்டு, பஞ்சாரத்தைத் தூக்கினார். வெள்ளைச் சேவல் நேராகச் செஞ்சேவல் மேல் பாய்ந்தது. இரண்டும் எகிறி மோதின. சிவப்பு இறகுகள் இரண்டு பறந்து வந்து விழுந்ததும், “போதும்டா எஞ்சாமிகளா!” என்று முறத்தைக் குறுக்கே நீட்டிச் சண்டையை விலக்கினார். பிறகு, “எடுத்துக்க கண்ணு” என்று சொல்லி, தன் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.