அக்கரையில் இருக்கும் மாப்பிள்ளையின் ஊருக்கு ஒரு பகல்

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவின் தீப்பெட்டி ஆபீஸ் எங்கள் வீட்டு முன்னறைதான். எல்லோரும் தூங்கிய பிறகு அங்குள்ள கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கடல் கடந்து போனவரை "அக்கரையில இருக்கார்" என்பார்கள். சிலோனுக்குப் போன காலத்துச் சொல். இப்போது துபாயோ சிங்கப்பூரோ, எல்லாம் அக்கரைதான். அப்படிச் சொன்ன பிறகு எந்த ஊர் என்று துருவுவது மரியாதை இல்லை. எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையும் அக்கரையில்தான். நான் பன்னிரண்டாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை பூ வைக்கிறார்கள். எந்த நாடு என்று அப்பா கேட்கவே இல்லை. அதனால் நேற்று பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அவர் ஊரான நாகலாபுரத்துக்குப் போனேன்.

கோவில்பட்டியில் காலை 8.40 பஸ். எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் வரை பன்னிரண்டு ரூபாய்.

"ஸ்கூலு பின்னால போவுது, நீ எங்கன போற?" என்றார் கண்டக்டர்.

"சித்தி வீட்டுக்கு அண்ணாச்சி."

"சித்தி லீவு லெட்டர் தருவாளா?" பஸ்ஸே சிரித்தது.

அங்கிருந்து இன்னொரு பஸ், ஐந்து ரூபாய். 10.50க்கு இறங்கினேன். முந்தின நாள் மழை. கரிசல் மண் செருப்பை விடவில்லை, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா வாசலில் விதை உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க ஆண்கள் மட்டுமே வந்ததால் என்னை அவருக்குத் தெரியாது. தமிழ்ப் பாடத்துக்குச் சொல் சேகரிப்பதாகச் சொல்லி, அக்கரை என்றால் என்ன என்று கேட்டேன்.

"எம்மவன் இருக்கானே, அதான் அக்கரை."

"எந்த ஊரு பெரியம்மா?"

முறம் நின்றது. "படிச்ச பிள்ளதானே, பையில உலகப் படம் இருக்கா? எங்கன இருக்குன்னு நீயே காட்டேன்."

அட்லஸை விரித்தேன். நீலத்தின் மேல் அவர் விரல் அலைந்தது.

"மூணு வருசமாச்சு, ஒரு போனு இல்ல. பொண்ணு நிச்சயம் பண்ணுனா வந்துருவான்னு அவன் அப்பா சொல்லுதாவ. பாவம், எந்தப் பிள்ளையோ."

ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். நான் யார் என்று சொல்லாமல் குடித்தேன்.

1.15 பஸ்ஸில் ஏறினால் பள்ளி விடும் நேரத்துக்குக் கோவில்பட்டி வந்துவிடலாம். மழைக்கு மறுநாள் போகாதீர்கள். பூ வைக்கும் முன்பு நாடு, ஊர், கடைசியாகப் பேசிய தேதி எல்லாம் கேளுங்கள். மரியாதை குறைந்தால் குறையட்டும். காலையில் அப்பாவிடம் சொல்லிவிடுவேன்.

கதவைத் தட்டுகிறார்கள். "ஏட்டி, உள்ள என்ன செய்யுத?" அப்பாதான். காலை வரை வேண்டாம், இப்போதே