பெட்டிக்குள் இருந்த 2004

2009 மே மாதம், பணியிட மாறுதலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளான வெள்ளிக்கிழமைக்குப் பதினோரு நாள் முன்னால், ஒரு திங்கட்கிழமை காலையில் என் மனைவி நான் கொடுத்திருந்த ஒரு வாக்கை நினைவூட்டினாள். அப்படி ஒரு வாக்குக் கொடுத்ததாக எனக்கு நினைவே இல்லை.

“ஏனுங்க, குத்தகை அஞ்சு வருசம் முடிஞ்சு போச்சு. பாப்பாவும் அஞ்சாவது முடிச்சுட்டா. கீழ போறதுக்கு எழுதிக் குடுத்துட்டீங்களா?” என்றாள். வாசலில் கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா என்று கேட்கிற குரலில் கேட்டாள். எழுதிக் கொடுத்திருப்பேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

நான் அப்போது கொல்லிமலையில், பெரக்கரை நாட்டு ஊர் ஒன்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியர். 1997 ஜூனில் வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவன். மற்ற ஆசிரியர்கள் வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் இறங்கித் திங்கட்கிழமை காலை ஏறி வருவார்கள். நான் மட்டும் குடும்பத்தோடு மேலேயே தங்கிவிட்டேன். வந்த மாதத்திலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதி வந்தேன். பன்னிரண்டு வருடத்தில் விட்டுப்போன நாட்கள் ஒன்பது. அவையும் எந்தெந்த நாட்கள் என்று குறிப்பு உண்டு.

அவள் மலையடிவாரத்தில் காரவள்ளிக்குப் பக்கத்து ஊர்க்காரி. அவளுடைய அப்பா கொடுத்த ஒன்றே முக்கால் ஏக்கரும் கிணற்றில் பங்கும் அங்கே இருந்தன. அப்பா இறந்த மறு வருடம், 2004 மே மாதத்தில், அந்த நிலத்தைப் பெரியப்பா மகனுக்கு ஐந்து வருடக் குத்தகைக்கு விட்டாள். அவளுக்கு அதில் விருப்பமில்லை. தானே வெங்காயம் போடவேண்டும் என்று இருந்தவள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நாங்கள் மலை ஏறுகையில், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் பஸ் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. அங்கே சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது நான் சொன்னேனாம்: பாப்பா ஐந்தாவது முடிக்கட்டும், குத்தகையும் முடியும், அதோடு மாறுதல் வாங்கிக்கொண்டு கீழே போய்விடலாம், உன் நிலத்தை நீயே பார்.

பஸ் நின்றது எனக்கு நன்றாக நினைவிருந்தது. சொன்னதுதான் நினைவில்லை.

“அப்படிச் சொல்லியிருந்தா எழுதி வெச்சிருப்பேன்,” என்றேன்.

“ஓ, நீங்க எழுதுனாத்தான் நடந்ததாக்கும்?”

“எழுதினேனா இல்லையான்னு பார்த்துட்டா தெரிஞ்சு போகுது.”

“பாருங்க. பார்த்துட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க,” என்று உள்ளே போய்விட்டாள்.

பார்ப்பது அவ்வளவு எளிதல்ல என்று தெரிந்தேதான் அதைச் சொன்னேன்.

1999இல் நாமக்கல்லில் ஒரு கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் தாமே எழுதிய நாட்குறிப்பு புரோகிராம் ஒன்றையும் அதில் போட்டுக் கொடுத்தார். அதற்கென்று தனித் தமிழ் எழுத்துரு, தனிப் பூட்டு. ஏழு வருட நாட்குறிப்பை அதில்தான் எழுதினேன். 2007 ஏப்ரலில் இடி இறங்கி அந்தப் பெட்டி கருகியது. நல்லவேளையாக நாட்குறிப்பை அதற்கு முன்பே சி.டி.யில் ஏற்றி வைத்திருந்தேன். ஆனால் புதிய கம்ப்யூட்டரில் அந்த புரோகிராம் ஓடவில்லை. திரை ஒருமுறை இமைத்து மூடிக்கொள்ளும். கோப்பை நேராகத் திறந்தால் பாதி ஆங்கில எழுத்தும் பாதி கேள்விக்குறியுமாக வரும். பழைய விண்டோஸ் 98 இருந்தால்தான் அது வாய் திறக்கும்.

வழி ஒன்று என்னிடம் இருந்தது. 2008 டிசம்பரில் ஒரு கணினி இதழோடு வந்த சி.டி.யில் இலவச மென்பொருள் ஒன்று கிடைத்தது. அது கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பது போலக் காட்டும். அதன் ஹார்ட் டிஸ்க் நம் டிஸ்க்கில் உள்ள ஒரு கோப்புதான். அதன் திரை நம் திரையில் ஒரு ஜன்னல். அதற்குள் நமக்கு வேண்டிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை நிறுவி ஓட்டலாம். உள்ளே என்ன கெட்டுப்போனாலும் வெளியே ஒன்றும் ஆகாது. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஜனவரியிலேயே அதில் இரண்டு விதமான லினக்ஸ் நிறுவியிருந்தேன். ஒன்றில் ஒரு வாரம் இருப்பேன், பிறகு மற்றொன்றுக்குப் போவேன், அங்கேயும் பிடிக்காமல் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று நிறுவுவேன். எதிலும் ஒரு வேலையும் செய்ததில்லை. நிறுவுவதே வேலையாக இருந்தது. “ஒரு ஊட்ல ஒழுங்கா குடியிருக்க மனசில்ல, பொட்டிக்குள்ள மூணு ஊடு கட்டறாரு,” என்று அவள் தன் அண்ணனிடம் போனில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

இப்போது அதிலே 98ஐ நிறுவவேண்டும். பழைய பெட்டியோடு வந்த சி.டி. அலமாரியில் இருந்தது. அன்று மதியமே உட்கார்ந்தேன்.

512 எம்.பி. நினைவகத்தில் 128ஐ உள்ளே இருக்கிற மெஷினுக்குக் கொடுத்தேன். இரண்டு ஜி.பி.யில் ஒரு டிஸ்க்கை உண்டாக்கி, அதைப் பிரித்து, ஃபார்மேட் செய்து, நிறுவலைத் தொடங்கி அறுபது சதவீதம் வந்தபோது கரண்ட் போனது. அந்த வருடம் கரண்ட் சொல்லிவிட்டும் போகும், சொல்லாமலும் போகும். யு.பி.எஸ். பத்து நிமிடம் கத்திவிட்டு அடங்கியது. எழுந்து மழைமானியைப் பார்க்கப் போனேன். எட்டு மணிக்குப் பார்த்தாயிற்று, மழையும் இல்லை. திரும்பி வந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். மறுபடி வெளியே போனேன். செவ்வாயும் புதனும் இப்படியே போயின. வியாழக்கிழமைதான், ஓடுகிற மெஷினை இருக்கிற நிலையிலேயே உறையவைத்து மூடலாம், மறுபடி அங்கிருந்தே தொடரலாம் என்ற வசதியைக் கண்டுபிடித்தேன். அதன் பிறகு கரண்ட் போனாலும் போன இடத்திலிருந்து பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை 98 எழுந்து நின்றது. பதினாறே நிறம், சின்னத் திரை. பழைய மேகப் படம் சேறு குழம்பினது போலத் தெரிந்தது. ஆனாலும் அந்தப் பழைய தொடக்க ஓசை மட்டும் அப்படியே வந்தது. சமையலறையிலிருந்து அவளும் அதைக் கேட்டிருக்கவேண்டும். சோற்றைத் தட்டில் போட்டு மானிட்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அந்த நாட்களில் எல்லாச் சாப்பாடும் எனக்கு அங்கேதான்.

நாட்குறிப்பு இருந்த சி.டி. பாதியில் கரகரத்து நின்றது. மென்துணியால் துடைத்து, கவிழ்த்து, வெயிலில் காட்டி, மறுபடி துடைத்துப் பதினான்காவது முறை படித்தது. புரோகிராமை நிறுவினேன். அது தேதி கேட்டது. அன்றைய தேதியைக் கொடுத்தேன். செல்லாத தேதி என்றது. இரண்டு எண்களில் ஆண்டைக் கேட்கும் அந்த புரோகிராம், 2006க்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. நான் 2006 டிசம்பரில் அதில் எழுதுவதை நிறுத்தியதற்கே அதுதான் காரணம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இடி விழுந்ததால் நிறுத்தினேன் என்றே அதுவரை பலரிடம் சொல்லி வந்திருக்கிறேன். என் நினைவைப் பற்றி எனக்கு முதல் சந்தேகம் வந்தது அந்த இடத்தில்தான்.

பழைய தேதி கொடுத்தால் கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை என்றது. உள்ளே இருக்கிற கடிகாரத்தைப் பின்னால் தள்ளவேண்டும். வாழ்நாளில் ஒரு தேதியையும் மாற்றி எழுதாதவன் நான். பள்ளிப் பதிவேட்டில் மற்றவர்கள் பிள்ளைகளின் பிறந்த நாளையெல்லாம் கூசாமல் ஜூன் ஒன்று என்று போட்டபோது, வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவன். அன்று சுட்டெலியை அழுத்திக் கடிகாரத்தை 2004 மே என்று வைத்தேன். புரோகிராம் திறந்தது.

அது புதன்கிழமை, மதியம் இரண்டே முக்கால். கடைசி நாளுக்கு இரண்டு நாள் இருந்தது.

அந்த மாதத்தை ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன். வந்தது. “மழை 11 மி.மீ. குத்தகைப் பத்திரம் ஐந்தாண்டுக்கு எழுதியாயிற்று. திரும்புகையில் 9ஆம் வளைவில் ரேடியேட்டர் கொதித்து பஸ் 50 நிமிடம் நின்றது. பாப்பா ஐந்தாவது முடித்ததும் மாறுதல் வாங்கிக் கீழே குடிபோவதென்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். மறக்கக் கூடாது.”

இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை, யாரோ எனக்குத் தெரியாமல் எழுதியிருப்பார்களோ என்று படித்தேன். அந்த “மறக்கக் கூடாது” என்னுடையதுதான். முக்கியமான எதற்குக் கீழும் அப்படி எழுதுவது என் வழக்கம்.

அப்போது மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்லவேண்டும். இந்த ஜன்னலை மூடினால் உலகத்தில் வேறு யாராலும் இதைப் படிக்கமுடியாது. கீழே போக நான் விரும்பவில்லை. மழைக் கணக்கு அறுந்துபோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. மேலே நான் வாத்தியார், எல்லாம் தெரிந்தவன், எந்தத் தகராறிலும் தேதி சொல்லக் கூப்பிடப்படுகிறவன். கீழே அவள் நிலத்தில், அவள் சொந்தங்களுக்கு நடுவில், வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியாமல் நிற்கப்போகிறவன்.

மெஷினை மூடினேன். எழுந்து பின்கட்டுக்குப் போனேன். அவள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தாள். நான் அரியட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, “திறந்துதுங்களா?” என்றாள்.

“இல்ல. திறக்கல.”

அவள் ஒரு சுளையை எடுத்து என் கையில் வைத்தாள்.

அன்றும் மறுநாளும் நான் ஒரு இடத்தில் இருக்கவில்லை. கடை வரைக்கும் போய் ஒன்றும் வாங்காமல் வந்தேன். பள்ளிச் சாவியை எடுத்துக்கொண்டு போய், பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். நான் தோற்றுவிட்டேன் என்பது எனக்குத் தெரியும். திறக்கவில்லை என்று அவளிடம் பொய் சொல்லியாயிற்று. இரண்டுக்கும் நடுவில் உட்காரமுடியவில்லை.

வியாழக்கிழமை மாலை அவள் இரண்டு பைகளில் துணி அடுக்கினாள். அண்ணனிடம் பேசிவிட்டதாகவும் இந்த வருடம் தானே உழப்போவதாகவும் சொன்னாள். பாப்பாவைக் கீழே ஆறாவதில் சேர்க்கப்போகிறாள். அந்த அண்ணன் வீட்டில் இப்போதைக்கு இருந்துகொள்வார்கள். இதையெல்லாம் மடிப்புக் கலையாமல் துணி அடுக்குகிற நிதானத்தோடு சொன்னாள்.

“நான்?” என்றேன்.

“உங்களுக்கு இங்க வேலை இருக்குதுங்க. இருக்கறதுன்னா இருங்க. வர்றதுன்னா வாங்க. எழுதி வெச்சிருக்கா இல்லையான்னு எனக்குப் பார்க்க வேண்டாம். எனக்கு நீங்க சொன்னது காதுல இருக்குது, அது போதும்.”

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் இறங்கிப் போனார்கள். நான் மழைமானியைப் பார்த்தேன். மழை இல்லை. விண்ணப்பப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாறுதல் கோரும் காரணம் என்ற இடத்தில் மற்றவர்கள் உடல்நிலை, பெற்றோர் முதுமை என்று எழுதுவார்கள். நான் “மனைவி விவசாயம் செய்கிறார்” என்று எழுதினேன். மலைமேலேயே உள்ள செம்மேட்டில் கல்வி அலுவலகத்தில் அதை வாங்கிய எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “இது ஒரு காரணமாங்க சார்?” என்று கேட்டார். இதுதான் காரணம் என்றேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். கலந்தாய்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இடம் கிடைக்குமா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பதினொன்றரை பஸ்ஸில் இறங்கினேன். காரவள்ளியில் இறங்கி நடந்து போனபோது நிலத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மம்பட்டியால் வாய்க்காலில் மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். மனுக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

“அது திறந்துச்சு. புதன்கிழமையே,” என்றேன்.

“தெரியுமுங்க.”

“எப்படித் தெரியும்?”

“திறக்காம இருந்திருந்தா, கரண்டு இருக்கையில நீங்க அந்த நாற்காலிய உட்டு எந்திரிச்சிருப்பீங்களா? பத்து நாளாச் சோறும் தண்ணியும் அங்கயேதான். மூணு மணிக்கு எந்திரிச்சு வந்து பலாப்பழம் அரியட்டுமான்னு கேக்கறீங்க.” மம்பட்டியை நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாளா என்று வெயிலில் தெரியவில்லை.

எழுதியிருந்ததை அப்படியே ஒப்பித்தேன், மழை அளவு முதல் கடைசிச் சொல் வரை. முழுதும் கேட்டாள்.

“மறக்கக் கூடாதுன்னு வேற எழுதுனீங்களாக்கும்,” என்றாள். பிறகு, “உழவுக்கு ஈரம் வேணும். கரண்டு போறதுக்குள்ள இன்னும் ரெண்டு பாத்தி பாயோணும். நின்னுட்டே இருக்காம அந்த மடையத் திருப்புங்க.”

எந்த மடை என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேன்.