விண்ணப்பம் போய்ச் சேர்கிற வரைக்கும்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்பிங் சென்டர் வைத்திருந்தேன். கல்லூரி ஆசிரியர்கள் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் போடுகிற மாதம் வந்தாலே எனக்குச் சோறு இறங்காது. விண்ணப்பம் போட்டு நொந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

வெங்காயத்துக்கு ஊசி

தாவரவியல் சார் ஒருவர் சின்ன வெங்காயத்தின் அழுகல் நோயை ஆராய நிதி கேட்டார். நேரம் மிச்சமாகுமே என்று, வேறொருவருக்கு ஆட்டு நோய் பற்றி அடித்த பழைய ஃபைலின் மேலேயே மாற்றி அடித்தேன். ஆறு காப்பி எடுத்து ஸ்பைரலும் போட்டாயிற்று. சார் நின்றபடியே புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. ஒரு பத்தியை மாற்றாமல் விட்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "வெங்காயத்துக்குக் கோமாரி ஊசின்னு இருக்கு தம்பி. எந்தப் பக்கம் போடறது?"

வரப்பில் ஒரு கையெழுத்து

அரியலூரில் விலங்கியல் மேடம் ஒருவர். அவர் கல்லூரியில் உட்கார்ந்து உறையை ஒட்டும்போதுதான் ஒரு காப்பியில் முதல்வர் கையெழுத்து இல்லை என்று பார்த்தோம். அன்றே தபாலில் சேர்த்தாக வேண்டும். முதல்வரோ லீவு போட்டுவிட்டு, தா.பழூரில் தன் வயலில் நடவு பார்த்துக்கொண்டிருந்தார். மேடத்துக்கு வகுப்பு இருந்ததால் நானே பஸ் ஏறினேன்.

முழங்கால் வரை சேற்றோடு வரப்புக்கு வந்தவர், துண்டில் கையைத் துடைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். நான் வாட்ச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். விண்ணப்பம் அன்றைக்கே தபாலில் போய்விட்டது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த நிமிஷம் அவர் சொன்னது இதுதான்: "போட்டுட்டேன் தம்பி. சீல் ஆபீஸ்ல இருக்கு, நாலரைக்குப் பூட்டிருவாங்க."

முப்பதாம் தேதி

செல்வம் பாடாலூர்க்காரர். கூலி வேலைக்குப் போகிற குடும்பத்தில் முதலில் கல்லூரி ஆசிரியரானவர். ஓடை ஓடையாக அலைந்து கல்லாகிப்போன சிப்பிகளைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றை ஆராய, இளம் ஆசிரியர்களுக்கான நிதி கேட்டார். அறிவிப்பை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். முப்பதாம் தேதிக்குள் தபாலில் போட வேண்டும் என்றேன். இருபத்தெட்டாம் தேதியே போட்டுவிட்டார்.

ஒரு மாதம் கழித்து உறை பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. அறிவிப்பை எடுத்து மறுபடி படித்தேன். முப்பதாம் தேதிக்குள் டெல்லிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தெளிவாகவே இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுத்த வருஷம் முன்கூட்டியே போட்டுவிடலாம் என்று ஏதோ சொன்னேன். செல்வம் உறையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வருஷம் எனக்கு முப்பத்தாறுங்க. முப்பத்தஞ்சோட சரின்னு நீங்கதானே வாசிச்சீங்க."

இப்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்ப்பதற்கு முன்னால், அடியில் இருக்கிற சின்ன எழுத்தை இரண்டு தடவை படித்துவிடுகிறேன்.