நீலச் சட்டை அண்ணனும் வஞ்சிர வறுவலும்

முதலில் ஒரு மன்னிப்பு. மலை, காடு என்று சுற்றியவர்கள் எழுதும் இந்தப் பயணக் குழுவில், வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் போய் மீன் சாப்பிட்டு வந்ததை எழுதுகிறேன். தனியாகப் போக நினைக்கும் பெண்கள் யாராவது தேடினால் கிடைக்கட்டும் என்றுதான்.

போன புதன்கிழமை காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு சான்றிதழ் வாங்கும் வேலை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இப்படிப்பட்ட வேலைகளுக்குத் துணைக்கு யாரும் கிடையாது, அது பழகிவிட்டது. பதினொன்றரைக்கே வேலை முடிந்ததும், கூடப் படித்தவர்கள் போட்டோ போட்டுக்கொண்டே இருந்த கடற்கரை மீன் கடை நினைவுக்கு வந்தது. மணலிலேயே மேசை போட்டிருப்பார்கள். மூன்று வருட ஆசை.

காலாப்பட்டிலிருந்து புதுச்சேரி பேருந்து நிலையம் பன்னிரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் 15 ரூபாய், நாற்பது நிமிடம். அங்கிருந்து கடை இருக்கும் வீராம்பட்டினம் பக்கம் ஏழு கிலோமீட்டர், ஆட்டோ 200 ரூபாய். "தனியாவா போற? அங்க எல்லாம் கும்பலாத்தான வருவாங்க" என்றார் ஆட்டோக்காரர். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அப்போதே திரும்பிவிடலாமா என்று இருந்தது.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. கீற்றுக் கொட்டகை, ஏழு மேசைகள். ஆறில் குடும்பங்கள். பரிமாறுகிறவர், நாற்பது வயது இருக்கும், துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"எத்தினி பேரும்மா?"

ஒருத்தி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவருக்குப் பின்னால் ஆறு மேசையும் என்னைப் பார்ப்பது போலிருந்தது. "ரெண்டு பேரு. அண்ணன் வராரு" என்றேன்.

எனக்கு அண்ணன் கிடையாது. இரண்டு தங்கைகள்தான்.

இரண்டு தட்டு, இரண்டு தம்ளர் வைத்தார். எதிரே இருந்த காலித் தட்டைப் பார்க்கவே பயமாக இருந்தது. இருபது நிமிடம் மெனு அட்டையையே படித்தேன். மறுபடி வந்தார்.

"எங்கம்மா உங்க அண்ணன்? வஞ்சிரம் தீந்துடப் போவுது."

"கால் நனைக்கப் போயிருக்காரு."

அவர் முகம் மாறிவிட்டது. "எந்தப் பக்கம்? கல்லு கொட்டியிருக்கே, அதுக்கு அந்தாண்டையா?"

எனக்கு எந்தப் பக்கமும் தெரியாது. தலையாட்டினேன்.

"அய்யய்யோ, அங்க இழுக்குமே! இன்னா சட்ட போட்டிருக்காரு?"

"நீலம்."

அதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "யக்கா, கல்லாண்ட ஒரு ஆளு எறங்கியிருக்காரு, நீலச் சட்ட!" என்று கத்திக்கொண்டே ஓடினார். சமையல் செய்யும் அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து பரிமாறுகிறவர் பின்னால் ஓடினார்கள். "போன் போடும்மா, நம்பரச் சொல்லு" என்று அக்கா என் தோளை உலுக்கினார். நான் போனை எடுத்து வெறும் திரையைத் தடவிக்கொண்டிருந்தேன். அதற்குள் பரிமாறுகிறவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். ஒரு அலை அடித்து அவரைக் கல்லின் மேல் சாய்த்தது.

செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். "அண்ணே, வந்துடுங்கண்ணே! யாரும் இல்ல! நான் மட்டும்தான் வந்தேன்!"

என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. எதை மறைத்தேனோ, அதையே அந்தக் கடற்கரை முழுவதும் கேட்கும்படி கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "அப்ப நீலச் சட்ட?"

"அதுவும் இல்லண்ணே."

பேன்ட்டைப் பிழிந்துகொண்டே கரையேறினார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. திட்டவில்லை. "கால் நனைக்கப் போனவன ஒரு தடவ நான்தாம்மா தூக்கியாந்தேன். இதுல மட்டும் பொய் சொல்லாத" என்றார். வலைக்காரர்களில் ஒருவர், "இல்லாத ஆளுக்கே இந்த ஓட்டமா? டீயாவது வாங்கிக் குடும்மா" என்று சிரித்தார். அக்கா கரண்டியை நீட்டி, "ஒங்க அண்ணன் பங்கையும் நீதான் துன்னணும், சொல்லிட்டேன்" என்றார்.

உட்கார்ந்தேன். அவர் ஈரத்தோடு மேசைக்கு வந்தார். "இப்ப சொல்லு, எத்தினி பேரு?"

"ஒருத்திதாண்ணே."

எதிர்த் தட்டை எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான். ஆறு மேசைகளும் தங்கள் மீனைப் பார்க்கத் தொடங்கின.

வஞ்சிர வறுவல் ஒரு துண்டு 320, குழம்புச் சோறு 150. ருசி எப்படி என்று கேட்காதீர்கள், பாதி வரை அவர் முழங்கைக் காயத்தையே பார்த்துக்கொண்டு விழுங்கினேன். மீதிப் பாதி நன்றாக இருந்தது.

போகிறவர்களுக்கு: பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள், ஒன்றரைக்கு மேல் வஞ்சிரம் இருக்காது. போனில் பணம் அனுப்பலாம், ஆனால் சிக்னல் வந்து வந்து போகும், கையிலும் வைத்திருங்கள். திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம், கூட்டி வந்த ஆட்டோக்காரரிடமே நம்பர் வாங்கிவையுங்கள். கழிப்பறைச் சாவி சமையல் அக்காவிடம் இருக்கும். கல்லுக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் கால் வைக்காதீர்கள், யாரோ வைத்ததாகப் பொய்யும் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஆரம்பத்திலேயே கேட்க நினைத்து, கூச்சத்தில் தள்ளிக்கொண்டே வந்தேன். அங்கே நண்டு மசாலா இரண்டு பேருக்குச் சேர்த்துத்தான் போடுவார்களாம். சான்றிதழின் மீதி வேலைக்காக அடுத்த மாதம் மறுபடி போகிறேன். உங்களில் தனியாகப் போகத் தயங்கும் பெண் யாராவது இருந்தால் கீழே ஒரு வரி எழுதுங்கள். அந்த அண்ணன் "எத்தினி பேரு" என்று கேட்கும்போது என் பக்கத்தில் நிற்க வருகிறீர்களா?