மூன்று பேருக்கும் எழுதுங்கள்

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், மலாக்கா பக்கம் டுரியான் துங்காலுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். மஸ்ஜித் தானா போகும் சாலையில் வேறொரு தோட்டத்து லோரியைக் கம்யூனிஸ்டுகள் எரித்துவிட்டார்கள் என்று கேட்டதிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. தனக்கு ஏதாவது ஆனாலும் பிள்ளைகள் படிப்பு நிற்கக்கூடாது என்று காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், ஏஜெண்டை வரச்சொன்னார். பிள்ளை பெயரில் எழுதி மாதாமாதம் கட்டினால், நடுவில் அப்பா போய்விட்டாலும் படிக்கும் வயதில் பணம் வரும்.

கிளேபாங்கிலிருந்து ஒரு பாய் வந்தார். தோட்டத்து முள்கம்பி வேலி கேட்டில் காவலர்கள் அவருடைய பையைக் கவிழ்த்துச் சோதித்ததில் விண்ணப்பப் பாரங்களில் சேறு அப்பியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு அண்ணன் பெயரை எழுதினார், தம்பி பெயரை எழுதினார். அப்போதுதான் நான் கோப்பி கொண்டுவந்தேன்.

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிப்போயிருந்தது. பாயின் பேனா நின்றது.

"இந்தப் பொண்ணுக்கு வேணாம் தங்கச்சி. ஆபீஸ்ல பாஸ் பண்ண மாட்டாங்க. பையன்களுக்கு மட்டும் போடலாம் லா," என்றார் அம்மாவிடம்.

அப்பா தலையாட்டினார். அம்மா என்னைப் பார்த்தார்.

"வாசல் வரைக்கும் நடந்துட்டு வா."

நான் கோப்பியைக் கீழே வைத்தேன். "கொஞ்சம் நேரா நட," என்றார் அப்பா மெதுவாக.

"எப்பவும் நடக்கிற மாதிரியே நட," என்றார் அம்மா.

நொண்டிக்கொண்டே போய்த் திரும்பி வந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு ஒன்பது வயது. வெட்கமாக இருந்தது. ஆனால் தலையைக் குனியவில்லை.

"பாத்தீங்கல்ல பாய்? இவ தினமும் ஸ்கூலுக்கு இப்படித்தான் போறா. மூணு பேருக்கும் எழுதுங்க. இல்லாட்டி ஒருத்தருக்கும் வேணாம்."

பாய் நல்ல மனிதர். எனக்கும் ஒரு பாரம் எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் பதிலோடும் கையெழுத்துப் போட வேண்டிய மூன்று பாரங்களோடும் வந்தார். எனக்கும் தருவார்களாம், அண்ணன் தம்பிக்குக் கட்டுவதைவிட மாதாமாதம் அதிகம் கட்ட வேண்டும், கிடைப்பது அவர்களுக்குக் கிடைப்பதில் பாதி.

"என் பிள்ளை பாதிப் பிள்ளையா?" என்று கேட்டார் அம்மா.

அப்பா கத்தினார். "ஒருத்திக்காக ரெண்டு பேரைக் கெடுக்கறியே!" அம்மா மூன்று பாரங்களையும் மடித்துப் பாயின் பையிலேயே வைத்தார். அந்த வாரமே மலாக்காவுக்கு பஸ் ஏறி, தபாலாபீஸில் மூன்று பேர் பெயரிலும் சேமிப்புப் புத்தகம் திறந்தார்.

அப்பா லோரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சேமிப்பு பெரிதாக வளரவில்லை. அண்ணன் மேலே படிக்க ஆசைப்பட்டபோது அது போதவில்லை. படிப்பை நிறுத்தி பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கப் போனார். காக்கிச் சட்டை போட்ட முதல் நாள் என்னிடம், "எல்லாம் உன்னாலதான்" என்றார்.

சட்டி கழுவிக்கொண்டிருந்த அம்மா கையைக்கூடத் துடைக்காமல் எழுந்து வந்தார்.

"அவளால இல்ல. என்னால. கேக்கிறதா இருந்தா என்னைக் கேளு."

அண்ணன் கேட்கவில்லை. வெகுநாள் அம்மாவோடு சரியாகப் பேசவுமில்லை. அம்மா அதையும் தாங்கிக்கொண்டார். பையன்கள் இரண்டு பேர் பாரங்களிலாவது கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்று இன்றும் உறவில் சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் மாட்டேன்.