மானைக் கூப்பிட்ட டப்பா

சாகக் கிடந்த ஒரு மான், டப்பாவில் சோளம் குலுங்கும் சத்தம் கேட்டு ஏன் காதைத் தூக்கியது? பசியா, பழக்கமா, கூப்பிடுவது என் மகள்தான் என்று தெரிந்ததாலா? அமெரிக்காவில், டாலஸை ஒட்டிய காப்பெல்லில் எங்கள் கராஜ் அலமாரியில், பழைய துணிகளுக்குப் பின்னால் அந்தக் காபி டப்பாவை ஒளித்து வைத்திருந்தேன். உள்ளே ஒரு கைப்பிடி மக்காச்சோளம். போன வாரம் மகள் அதைக் கண்டுபிடித்துக் குலுக்கினாள். சமையலறையில் நின்றிருந்த நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

டப்பாவைக் கொடுத்தவர் டாக்டர் அங்கிள். கோயம்புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், டாலஸில் சர்ஜன். மேற்கே இரண்டு மணி நேர டிரைவில் முள்மரக் காடு ஒன்றை வாங்கி, மான் வேட்டைக்கென்றே வைத்திருந்தார். கோயில் கமிட்டியில் இருந்துகொண்டு துப்பாக்கி பிடிக்கலாமா என்று, ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்துகளில் பேசுவார்கள். "உங்க ஊட்டு சாம்பார்ல போடமாட்டனுங்க, பயப்படாதீங்க" என்பார் அவர். ஊரில் எருமைக்குப் போட்டதுபோலவே, கம்பிக்கூண்டில் மான்களுக்குப் பருத்திக்கொட்டை கொட்டுவார். மூன்று கால் டிரம் ஒன்றின் அடியில் மோட்டார் சுழன்று சோளத்தை வீசும். மரத்தில் கட்டிய கேமரா, எதிரில் எது அசைந்தாலும் தானாகப் படம் எடுக்கும். பிரிண்ட் போட்ட படங்களை மேசையில் பரப்பி, எந்தக் கிடாவுக்குக் கொம்பு தேறியிருக்கிறது, எந்தப் பெட்டைக்கு விலா தெரிகிறது என்று மணிக்கணக்கில் பார்ப்பார்.

தீனி இருந்த இடத்துக்குச் சாவும் வந்தது. காட்டுப்பன்றிகள் கூண்டைக் கிழித்தன. குட்டிகளுக்காக ஓநாய் போன்ற கயோட்டிகள் புதரில் காத்திருந்தன. ஒரு காலையில், சிதறிய சோளத்துக்கு நடுவே குட்டிமானின் பின்னங்கால் ஒன்று மட்டும் கிடந்தது. அங்கிள் அதை பூட்ஸ் காலால் ஓரம் தள்ளிவிட்டு அடுத்த மூட்டையைப் பிரித்தார். அவர் சுட்ட பன்றி ஒன்று முதுகெலும்பு உடைந்து, முன்னங்கால்களால் மண்ணைக் கீறியபடி ஒரே இடத்தில் சுற்றியதை, காருக்குள் மகளின் கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்திருக்கிறேன். ஏன் திரும்பத் திரும்பப் போனேன்? என் கணவருக்கு அந்த வெட்டவெளி பிடித்திருந்தது. நான்கு வயது மகளுக்கு மான் பிடித்திருந்தது. ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்று நினைப்பேன். ஒவ்வொரு முறையும் தயிர்சாதம் கட்டிக்கொண்டு கிளம்புவேன்.

மற்ற மான்கள் தள்ளியே நிற்கும். கிழிந்த காது கொண்ட ஒரு பெண் மான் மட்டும் மகள் டப்பாவைக் குலுக்கினால் புதரை விட்டு வெளியே வந்துவிடும்.

அந்த வருடம் மழையே இல்லை. புல் சாம்பல் நிறமாகிவிட்டது. "காடு தாங்கற அளவுக்குத்தான் வெச்சிருக்கோணும் அம்மிணி. தீனிய மட்டும் போட்டுப்போட்டு எண்ணாம உட்டா, அத்தனையும் பட்டினில சாகும்" என்றார் அங்கிள். பிறகு ஒரு படத்தை விரலால் தட்டினார். "இவளுக்குப் பல்லு தேஞ்சுபோச்சு. இந்தக் குளிரத் தாண்டமாட்டா." படத்தில் இருந்தது கிழிந்த காது. மகள் பார்ப்பதற்குள் நான் அதைத் திருப்பி வைத்தேன்.

சுடும் வேலையைத் தன்னிடம் பயிற்சியில் இருந்த இளம் டாக்டருக்குக் கொடுத்தார். எங்களை அந்தக் காட்டிலிருந்த அவர் வீட்டுக்குள் இருக்கச் சொன்னார். வெடிச்சத்தம் கேட்டது, பிறகு ஆட்கள் ஓடும் சத்தம். குண்டு வயிற்றில் பாய்ந்திருந்தது. புல்லில் ரத்தமும், அரைத்த பச்சைத் தழையும் கலந்து ஒழுகியிருந்தன. அந்தத் தடமும் முள்ளுக்குள் மறைந்துவிட்டது. பொழுது சாயும்வரை தேடிவிட்டு, சட்டை கிழிந்து வந்த அங்கிள், "கை நடுங்குனா சுடப்படாது தம்பி" என்று மட்டும் சொன்னார். பிறகு வாசலுக்கு வந்து நின்ற என் மகள் முன்னால் மண்டியிட்டார்.

"கண்ணு, அந்த டப்பாவக் கொஞ்சம் ஆட்டு."

"வேண்டாம் அங்கிள். ப்ளீஸ்" என்றேன்.

"கொடல் வெளிய கெடக்குது அம்மிணி. விடியற வரைக்கும் துடிக்கும். எம்மேல ரத்த வாசம் அடிக்குது, என்னைய நம்பாது."

அவளை என் காலோடு இறுக்கிப் பிடித்திருந்தேன். அவள் அப்படியே நின்று குலுக்கினாள். கொஞ்ச தூரத்தில், புதருக்கு மேலே ஒரு காது எழுந்தது. கிழிந்த காது. மங்கிய வெளிச்சத்தில் இன்னொரு குறியும் தவறக்கூடாது என்று, அங்கிள் கத்தியோடு ஓடினார். மகளின் முகத்தை என் வயிற்றில் அழுத்திக்கொண்டேன். காதைப் பொத்த எனக்கு வேறு கை இல்லை. குளம்புகள் சருகை உதைத்தன, கிளைகள் முறிந்தன, குழந்தை அலறுவதுபோல் ஒரு கத்தல் பாதியில் அறுந்தது.

முழங்கை வரை ரத்தத்தோடு திரும்பியவரிடம், "அங்கிள், இஸ் ஷி ஓகே?" என்று கேட்டாள்.

"ஆபரேஷன் பண்ணிட்டேன் கண்ணு. இனி வலிக்காது."

குழாயடியில் போய், ஆபரேஷனுக்குமுன் கழுவுவதுபோல விரல்களை மேலே தூக்கிக்கொண்டு, நெடுநேரம் கழுவினார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அதன்பிறகு நாங்கள் போகவில்லை. மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. வயிற்றில் கட்டுப் போட்ட மானும், பச்சைக் கோட்டு அங்கிளுமாக அவள் வரைந்த படம் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. போன வாரம் அங்கிள் போன் செய்தார். இந்த வருடம் நல்ல மழையாம், குட்டிகள் நிறையவாம், தீபாவளி முடிந்ததும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் அவள் டப்பாவைத் தேடி எடுத்தாள். "ஷி வில் நோ மை சவுண்ட், அம்மா. என் சத்தம் அவளுக்குத் தெரியும்" என்கிறாள். "சின்னக் குழந்தை, அங்க போய் வேற மானைப் பார்த்தா இதை மறந்துடுவா" என்கிறார் கணவர்.

உண்மையைச் சொன்னால், கத்திக்கு வழிகாட்டியது தன் கைதான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், வராத மானுக்காக அந்தப் புதர் முன்னால் நின்று குலுக்கிக்கொண்டே இருப்பாள். இந்த வயதில் குழந்தை இருப்பவர்கள் எனக்கு எழுதுங்கள்: நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? டப்பா இப்போது அலமாரியில் இல்லை. அவள் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தூக்கத்தில் அவள் புரண்டு படுத்தால், உள்ளே சோளம் உருளுகிறது.