அத்தானின் இரண்டு முதல் வேலைகள்

என் அக்காவின் கணவர், அதாவது எங்கள் அத்தானுக்கு, யார் முகமும் வாடக் கூடாது. ஒரே நாளில் இரண்டு வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டிலும் உட்கார்ந்து மூக்குப் பிடிக்கச் சாப்பிடுவார். அப்புறம் ராத்திரி பூராவும் புரளுவார். நல்ல மனுஷன்தான், என்ன செய்வது.

பகலில் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறார். வெட்டும் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பு. அப்புறம் லேசாகத் தட்டினால் கோடு போட்டபடி பிளந்து வரும். சாயங்காலம் நீச்சல்குளத்தில் வேலை. வாசலில் டிக்கெட் கிழிப்பார், தண்ணீரில் குளோரின் அளவு பார்ப்பார், மூடிய பிறகு தரையைக் கழுவிவிட்டு வருவார். வீட்டுக் கடனுக்காகச் சேர்ந்த வேலை அது. கடைசித் தவணையைக் கட்டியதும் விட்டுவிடுவதாக அக்காவிடம் சொல்லியிருந்தார். சாயங்காலம் புருஷனோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். தவணைப் பணமும் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வருமான வரி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். மூன்று பேருமாகப் போனோம். அங்கே இருந்த பெண் அதிகாரி பொறுமைசாலி.

"சார், வருஷ சம்பளத்துல ஒரு பங்குக்கு வரி கிடையாது. ஆனா அந்தச் சலுகை ஆளுக்கு ஒண்ணுதான், வேலைக்கு ஒண்ணு இல்ல. முதல் வேலையில அதைக் குடுத்துட்டா, ரெண்டாவது வேலையில முதல் காசுலேர்ந்தே வரி பிடிக்கணும். நீங்க ரெண்டு இடத்துலயும் 'இதுதான் என் முதல் வேலை'ன்னு சொல்லியிருக்கீங்க. ரெண்டு பேரும் சலுகை குடுத்துட்டாங்க."

"ஏன் அத்தான் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"குளத்து மேனேஜர் மூஞ்சிக்கு நேரா, 'உங்க வேலை எனக்கு ரெண்டாவது'ன்னு எப்படிம்மா சொல்றது? ஏதோ சின்ன வீடு வச்சிருக்கிற மாதிரி இருக்காதா?"

அதிகாரி குனிந்துகொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

பிடிக்காமல் விட்ட வரி மாதாமாதம் சம்பளத்தோடு வந்து, தவணைக்கென்று ஒதுக்கிய பணத்தில் கலந்திருந்தது. இப்போது அதை எடுத்துக் கட்டியாக வேண்டும். கட்டினால் தவணை நிற்கும். தவணை நின்றால் குளத்து வேலையை விட முடியாது. அக்காவின் சாயங்காலம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போனது. அவள் அதைக் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"இனிமேலாவது எது முதல் வேலைன்னு சொல்லிடுங்க சார். மத்ததுல முழுசா வரி பிடிக்கச் சொல்லிடலாம்."

அத்தான் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எதையாவது சொல்லித் தொலைங்களேன்," என்றாள் அக்கா. "எது முதலா இருந்தா எனக்கென்ன? நான் எப்பவும் மூணாவதுதானே."

"கண்ணாடிக் கடை," என்று அத்தான் முனகினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்காவைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அக்கா டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். "கட்டின புருஷனைப் பாக்க டிக்கெட் வாங்குற கொடுமை வேற எவளுக்கு வரும்?" என்று புலம்பிக்கொண்டே டிக்கெட் வாங்கி, நீண்ட வரிசையின் கடைசியில் போய் நின்றாள். வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த அத்தான் நிமிர்ந்தார். அவளைப் பார்த்ததும் கை நின்றது.

"நீ முதல்ல வா," என்றார், வரிசை முழுக்கக் கேட்கும்படி.

"அப்போ நாங்கல்லாம் மனுஷங்களாத் தெரியலையா?" என்று முன்னால் துண்டோடு நின்றவர் சத்தம் போட்டார். அத்தான் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.